காடு கைமாற்றிவிடும் மழை: வாசகர் கேள்வி பதில்

மழைக்காடுகள் பற்றிக் கேள்வி அனுப்பலாம் என்று சென்ற இதழில் சொல்லியிருந்தோம். வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே இடத்தைத்தான் சுற்றி வந்தன: காட்டுக்கும் தண்ணீருக்கும் என்ன கணக்கு, காடும் அழிந்து வெப்பமும் ஏறினால் அந்தக் கணக்கு என்ன ஆகும்? ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்து ஒன்றாக்கியிருக்கிறேன்.

கேள்வி: மழை பெய்வதால் காடு வளர்கிறது, இது புரிகிறது. காடு இருப்பதால்தான் மழையே பெய்கிறது என்கிறார்களே, அதற்கு நிரூபணம் உண்டா? இல்லை, மரத்தின் மேல் உள்ள பாசத்தில் சொல்வதா?

பதில்: நிரூபணம் உண்டு, அதுவும் மழைத்துளிக்குள்ளேயே இருக்கிறது. 1970கள் வரைக்கும் பெரும்பாலான வானிலை அறிஞர்கள் நம்பியது நீங்கள் முதலில் சொன்னதைத்தான். காலநிலை எப்படியோ அப்படித் தாவரம் அமையும், தாவரத்தால் காலநிலைக்கு ஒன்றும் ஆகாது என்பார்கள். எனியாஸ் சலாட்டி என்ற பிரேசில் விஞ்ஞானி இதைச் சோதித்துப் பார்க்கத் தண்ணீரின் எடையைக் கையில் எடுத்தார். எல்லாத் தண்ணீரும் ஒரே எடை கிடையாது. ஆக்சிஜனில் சாதாரண அணுவும் உண்டு, கொஞ்சம் கனமான அணுவும் உண்டு, அதனால் தண்ணீரிலும் லேசானது, கனமானது என்று இரண்டு வகை கலந்திருக்கும். மேகம் மழையாகும்போது கனமானது முந்திக்கொண்டு விழும், லேசானது மேகத்தில் மிஞ்சும். அப்படியானால், அட்லாண்டிக் கடலில் கிளம்பிய மேகம் வழியில் புதிதாகத் தண்ணீர் எதையும் வாங்கிக்கொள்ளாமல் மேற்கே போய்க்கொண்டே இருந்தால், போகப் போக விழும் மழை லேசாகிக்கொண்டே வர வேண்டும், இல்லையா?

சலாட்டியும் கூட இருந்தவர்களும் அமேசான் படுகை முழுக்க மழைநீரையும் ஆற்றுநீரையும் சேகரித்து அளந்து பார்த்தார்கள். எதிர்பார்த்த அளவுக்கு லேசாகவே இல்லை. விழுந்த கனமான தண்ணீர் திரும்பவும் மேலே ஏறியிருக்கிறது என்றுதான் அதற்குப் பொருள். ஏரி, குளத்தில் இருந்து ஆவியாகும்போது கனமானதில் ஒரு பங்கு பின்தங்கிவிடும். மரமோ வேர் எதை உறிஞ்சியதோ அதையே, கனமும் லேசுமாக, இலை வழியாக வெளியே விடுகிறது. தண்ணீரை மேலே ஏற்றியது மரம்தான் என்று பிடிபட்டது இப்படித்தான். 1979இல் இந்த முடிவுகள் வெளியாயின. அமேசானில் பெய்யும் மழையில் ஏறக்குறைய பாதி, காடே திருப்பி அனுப்பிய தண்ணீர் என்று சொன்னார்கள். பிற்பாடு வந்த கணக்குகள் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கின்றன, மூன்றில் ஒரு பங்கு என்பாரும் உண்டு. ஆனால் அடிப்படையான விஷயத்தை யாரும் அசைக்கவில்லை.

இதை மனதில் வைத்துக்கொண்டு வரைபடத்தைப் பாருங்கள். கடற்கரையில் இருந்து ஆண்டஸ் மலை வரைக்கும் கிட்டத்தட்ட 3,000 கிலோமீட்டர். உள்நாட்டில் இவ்வளவு தூரம் போன காற்று வறண்டு போயிருக்க வேண்டும். ஆனால் மழை கொட்டோ கொட்டென்று கொட்டுவது மேற்குக் கோடியில், மலையடிவாரத்தில். அதே தண்ணீர் விழுந்து, ஏறி, நகர்ந்து, மறுபடி விழுந்து என்று ஐந்தாறு முறை கைமாறித்தான் அங்கே போய்ச் சேர்கிறது. பெரிய மரம் ஒன்று ஒரு நாளைக்குப் பல நூறு லிட்டர் தண்ணீரை ஆவியாக விடுகிறது. மொத்தக் காட்டையும் சேர்த்து அன்டோனியோ டொனாட்டோ நோப்ரே என்ற பிரேசில் விஞ்ஞானி போட்ட கணக்கு நாளொன்றுக்கு 2,000 கோடி டன். அமேசான் ஆறு கடலில் கொண்டுபோய்க் கொட்டுவது நாளொன்றுக்கு 1,700 கோடி டன்தான். கீழே ஓடுகிற ஆற்றைவிட மேலே ஓடுகிற ஆறு பெரியது. அதனால்தான் பிரேசிலில் அதைப் 'பறக்கும் ஆறுகள்' என்கிறார்கள்.

அந்த ஆறு ஆண்டஸ் சுவரில் முட்டித் தெற்கே திரும்புகிறது. பொலிவியா, பராகுவே, தெற்கு பிரேசில், வட அர்ஜென்டினா எல்லாம் அதன் கடைமடை. அங்கே சோயா விதைக்கிறவர் அமேசானை நேரில் பார்த்தே இருக்க மாட்டார், ஆனால் அவருடைய வயலில் விழும் மழையில் ஒரு பங்கு அங்கிருந்து வந்தது.

கேள்வி: நான் ஒன்பதாம் வகுப்பு மாணவி. இலை தண்ணீரை வெளியே விடுகிறது என்பதைக் கண்ணால் பார்க்க முடியுமா?

பதில்: தாராளமாகப் பார்க்கலாம். நல்ல வெயில் நேரத்தில், மரத்திலோ செடியிலோ இலை அடர்ந்த ஒரு சிறு கிளையை ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் பைக்குள் நுழைத்து, வாயை நூலால் இறுக்கிக் கட்டிவிடுங்கள். கிளையை உடைக்க வேண்டாம், மரத்தோடே இருக்கட்டும். கொஞ்ச நேரத்திலேயே பையின் உட்புறம் மங்கலாகும், அப்புறம் பொடிப்பொடியாக முத்துக்கள் கோத்தது போல் துளி பிடிக்கும், ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்தால் பையின் கீழ் மூலையில் தண்ணீர் தேங்கியிருக்கும். இலையின் அடிப்பக்கம் கண்ணுக்குத் தெரியாத துளைகள் ஏராளமாக இருக்கின்றன, அவை வழியாக வந்ததுதான் அது. பார்த்து முடித்ததும் பையைக் கழற்றிவிடுங்கள், வெயிலில் உள்ளே சூடேறி இலை வெந்துவிடும். பக்கத்திலேயே மொட்டைத் தரையில் இன்னொரு பையைக் கவிழ்த்து வைத்து, இரண்டிலும் எவ்வளவு சேர்ந்தது என்று ஒப்பிட்டுப் பாருங்கள். மண்ணின் மேல்பரப்பு காய்ந்து கிடந்தாலும் மரம் ஆழத்தில் இருந்து தண்ணீர் எடுத்து மேலே அனுப்பிக்கொண்டிருக்கும். வகுப்பில் செய்து காட்டுங்கள், படத்தை விட இது மனதில் நிற்கும்.

கேள்வி: மரம் இவ்வளவு தண்ணீரைக் குடித்து ஆவியாக்குகிறது என்றால், மரத்தை வெட்டினால் ஆற்றில் தண்ணீர் கூடத்தானே வேண்டும்? காட்டை வெட்டினால் ஆறு வற்றும் என்று எல்லாரும் சொல்வது தவறா?

பதில்: கேட்க வேண்டிய கேள்வி. சுற்றுச்சூழல் பேசுகிற பலர் இதைத் தாண்டிக் குதித்துப் போய்விடுகிறார்கள், அது சரியில்லை. சின்ன ஓடைப் படுகையில் காட்டை வெட்டினால் ஓடையில் தண்ணீர் கூடும். உலகம் முழுக்க அளந்து பார்த்த விஷயம் இது. பெரிய அளவிலும் நடந்திருக்கிறது. அமேசானின் தென்கிழக்கில் டோகான்டின்ஸ் ஆற்றுப் படுகையில், 1950, 60களில் சுமார் 30 சதவீதமாக இருந்த பயிர் மற்றும் மேய்ச்சல் நிலம், 1990களில் 50 சதவீதத்துக்குப் போனது. மழையில் பெரிய மாற்றம் இல்லை, ஆனால் ஆற்றோட்டம் ஏறக்குறைய கால் பங்கு கூடியது.

சரி, அப்படியானால் நல்லதுதானே என்று நினைக்கத் தோன்றும். அந்தக் கூடுதல் தண்ணீர் எப்போது வந்தது என்று பாருங்கள். பெரும்பகுதி மழைக்காலத்தில், வெள்ளமாக, முன்பைவிடச் சீக்கிரமாக வந்தது. காட்டு மண் பொலபொலவென்று இருக்கும். வேர் அழுகிய துளை, புழு துளைத்த துளை, எறும்புப் புற்று என்று ஆயிரம் வழிகளில் தண்ணீர் உள்ளே இறங்கும். அதே மண்ணை மாடும் டிராக்டரும் மிதித்து இறுக்கிவிட்டால் மழை மேலோடு ஓடிவிடும். பனாமா கால்வாயின் நீர்ப்பிடிப்பில் காட்டு ஓடைகளையும் மேய்ச்சல் நில ஓடைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரு நீண்டகால ஆய்வு நடக்கிறது. பெரும் மழையின்போது காட்டு ஓடையில் வெள்ளம் தணிந்தே வந்தது, மழையில்லாத மாதங்களில் அதே ஓடையில் நீர் அதிகமாக ஓடியது. ஆண்டு மொத்தத்தை மட்டும் பார்த்தால் இது தெரியவே தெரியாது. தண்ணீர் தேவைப்படுகிறவனுக்கு எவ்வளவு என்பதைவிட எப்போது என்பதுதான் பெரிய கேள்வி.

இன்னொன்றும் இருக்கிறது, எனக்கு இதுதான் முக்கியமாகப் படுகிறது. ஓடைப் படுகையை மட்டும் பார்க்கும்போது மழை வெளியில் இருந்து வருகிறது, காடு அதைச் செலவழிக்கிறது என்று வைத்துக்கொள்கிறோம். ஆனால் வெட்டுகிற பரப்பு பெரிதாகப் பெரிதாக, வருகிற மழையே குறையத் தொடங்கும். அமேசானின் கிளை ஆறான ஷிங்குவில் பெலோ மோன்டே என்ற மாபெரும் நீர்மின் நிலையம் இருக்கிறது. அந்த ஆற்றை வைத்து 2013இல் ஒரு கணக்கு போட்டார்கள். காடு குறைந்தால் ஆவியாவது குறையும், எனவே ஆற்றில் நீர் கூடும் என்று மட்டும் பார்த்தால், 40 சதவீதக் காடு அழியும்போது நீர் சுமார் பத்து சதவீதம் கூடுவதாக வந்தது. அமேசான் முழுவதும் காடு அழிவதால் மழை குறைவதையும் சேர்த்தால் அதே ஆற்றில் நீர் மூன்றில் ஒரு பங்கு குறைவதாக வந்தது. ஒரே ஆறு, ஒரே காடு, ஆனால் விடை தலைகீழ். அணை கட்டுகிறவர்கள் காட்டைத் தங்கள் இயந்திரத்தின் ஒரு பாகமாகக் கணக்கில் சேர்த்திருக்க வேண்டும் என்பது என் கருத்து.

கேள்வி: காடு வெட்டிய இடத்தில் மேகமும் மழையும் கூடுகிறது என்று ஒரு ஆய்வு சொல்வதாகப் படித்தேன். குழப்பமாக இருக்கிறது.

பதில்: அந்த ஆய்வும் உண்மைதான். ரொண்டோனியா என்ற பிரேசில் மாநிலத்தில் காட்டை மீன்முள் வடிவத்தில் வெட்டிக்கொண்டே போனார்கள், நடுவே சாலை, இருபுறமும் கிளை கிளையாகத் திட்டுகள். வெட்டிய திட்டு காட்டைவிட வேகமாகச் சூடேறும், சூடான காற்று மேலே எழும், பக்கத்துக் காட்டில் இருந்து ஈரக்காற்று அந்த இடத்துக்குள் வரும், மேகம் திரளும். திட்டு சிறிதாக இருக்கும் வரை இப்படித்தான், பக்கத்தில் நிற்கிற காட்டின் ஈரத்தில் மழை நடக்கும். வெட்டு விரிந்து விரிந்து திட்டுகள் ஒன்றோடொன்று சேர்ந்த பிறகு நிலைமை மாறியது. காற்று வரும் பக்கம் மழை குறைந்து, காற்று போகும் பக்கம் கூடியது. இன்னும் பெரிய அளவில் பார்த்தால் குழப்பமே இல்லை. 2003 முதல் 2017 வரை செயற்கைக்கோள் அளவீடுகளை வைத்து வெப்பமண்டலம் முழுக்க ஆராய்ந்த லீட்ஸ் பல்கலைக்கழகக் குழு 2023இல் சொன்னது: 200 கிலோமீட்டர் அளவிலான பரப்பில் காடு ஒரு சதவீதம் குறைந்தால், மாத மழை 0.25 மில்லிமீட்டர் குறைகிறது. கேட்க அற்பமாக இருக்கும். முப்பது நாற்பது சதவீதம் போன இடங்களுக்கு அதைப் பெருக்கிப் பார்த்தால் அற்பமாக இருக்காது.

கேள்வி: அமேசான் உலகத்துக்கு 20 சதவீத ஆக்சிஜன் தருகிறதாமே?

பதில்: இல்லை. அது உண்டாக்கும் ஆக்சிஜனை ஏறக்குறைய முழுவதையும் அதுவே, மரம், பூஞ்சை, நுண்ணுயிர் எல்லாமாகச் சேர்ந்து, திரும்பச் செலவழித்துவிடுகிறது. உலகத்தின் நுரையீரல் என்ற பேச்சை விட்டுவிடலாம். காட்டைக் காப்பாற்றத் தண்ணீரும் கார்பனுமே போதுமான காரணங்கள்.

கேள்வி: பூமி சூடாகும்போது கடல் அதிகமாக ஆவியாகும், காற்றில் ஈரம் கூடும், மழையும் கூடும். அப்படியிருக்க, காலநிலை மாற்றம் மழைக்காட்டைக் காயவைக்கும் என்பது எப்படி?

பதில்: நீங்கள் சொல்வதில் முதல் பாதி சரி. வெப்பம் ஒரு டிகிரி கூடினால் காற்று சுமார் 7 சதவீதம் அதிக நீராவியைத் தாங்கும். இதையே திருப்பிச் சொல்லிப் பாருங்கள்: காற்றுக்குத் தாகம் 7 சதவீதம் கூடுகிறது. கடல் பக்கத்தில் இருந்தால் அந்தத் தாகம் கடல்நீரில் தணியும். கடலில் இருந்து ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் உள்ளே, மழையில்லாத மாதத்தில், அந்தக் காற்று மண்ணையும் இலையையும்தான் உறிஞ்சும். மரம் ஒரு அளவுக்கு மேல் தாங்காது, இலைத்துளைகளை மூடிக்கொள்ளும். மூடினால் மேலே நீராவி போகாது, அடுத்த மழைக்கான சரக்கு குறையும். இலையும் சூடேறும், ஏனென்றால் இலைக்கு வியர்வை மாதிரி இருந்தது அந்த நீராவிதான். காற்றில் கார்பன் டை ஆக்சைடு கூடினாலும் மரம் துளைகளைக் கொஞ்சம் சுருக்கிக்கொள்ளும், வேண்டிய கார்பன் குறைந்த திறப்பிலேயே கிடைத்துவிடுகிறதே. அந்த மரத்துக்கு அது சிக்கனம், மேற்கே இருக்கிற அடுத்த காட்டுக்கோ வரவு குறைவு. கூடுதல் கார்பனில் காடு எப்படி நடந்துகொள்ளும் என்று பார்க்க அமேசானின் நடுவே இருக்கும் பிரேசில் நகரமான மனாவ்ஸுக்கு வடக்கே காட்டுக்குள்ளேயே கோபுரங்களை வட்டமாக நிறுத்தி ஒரு பெரிய சோதனையை அமைத்திருக்கிறார்கள்.

அப்புறம் மழை எங்கே விழும் என்பதும் மாறுகிறது. வட அட்லாண்டிக் கடல் வழக்கத்தைவிடச் சூடானால் மழைப்பட்டை வடக்கே நகர்ந்துவிடும், தெற்கு அமேசான் காயும். 2005 வறட்சியும் 2010 வறட்சியும் பெருமளவு அப்படி வந்தவை. 2015-16இல் எல் நினோ, அதாவது பசிபிக் கடலின் நடுப்பகுதியும் கிழக்குப் பகுதியும் வழக்கத்தைவிடச் சூடாகும் நிலை. 2023இல் இரண்டும் சேர்ந்துகொண்டன. அந்த வறட்சியை ஆராய்ந்த விஞ்ஞானிகள், மழை குறைந்ததில் எல் நினோவுக்கும் பங்கு உண்டு, ஆனால் மண் அந்த அளவுக்கு வறண்டதற்கு வெப்பமே பெரிய காரணம், காலநிலை மாற்றம் அதன் வாய்ப்பைச் சுமார் 30 மடங்கு கூட்டியது என்றார்கள்.

மனாவ்ஸ் துறைமுகத்தில், அமேசானின் கிளை ஆறான ரியோ நீக்ரோவின் நீர்மட்டத்தை 1902 முதல் குறித்துவருகிறார்கள். 2021 ஜூனில் அது 30.02 மீட்டர், அதுவரை காணாத வெள்ளம். 2023 அக்டோபரில் 12.70 மீட்டர், அதுவரை காணாத தாழ்வு. அடுத்த வருடம் 2024 அக்டோபரில் அதுவும் உடைந்தது, 12.11 மீட்டர். நூறு வருடத்துக்கு மேற்பட்ட பதிவேட்டில் உச்சமும் பாதாளமும் நான்கு வருடத்துக்குள் வந்திருக்கின்றன. மழை கூடுமா குறையுமா என்று கேட்பவர்களுக்கு என் பதில் இந்த மூன்று எண்கள்தான்.

2023 செப்டம்பரில் பிரேசில் அமேசானில் உள்ள தெஃபே ஏரியில் நடந்ததை நினைத்தால் இன்னும் மனசு கனக்கிறது. ஆறு இறங்கி, ஏரி சுருங்கி, கலங்கல் தண்ணீர் இரண்டு மீட்டர் ஆழம்தான் இருந்தது. தண்ணீரின் வெப்பம் 41 டிகிரி வரை போனது, மேலே மட்டும் இல்லை, அடித்தரை வரைக்கும். நாம் குளிக்க வைக்கும் வெந்நீரைவிடச் சூடு. அந்தத் தண்ணீரை விட்டால் போக இடம் இல்லாத ஆற்று ஓங்கில்கள், இளஞ்சிவப்பு ஓங்கில்களும் சிறிய சாம்பல் நிற ஓங்கில்களும், சில வாரங்களுக்குள் 150க்கு மேல் செத்து மிதந்தன.

கேள்வி: காடு ஒரு எல்லையைத் தாண்டினால் தானாகவே புல்வெளியாக மாறிவிடும் என்கிறார்கள். மிச்சம் இருக்கும் காடு ஏன் சாக வேண்டும்? அதை யாரும் வெட்டவில்லையே?

பதில்: கைமாற்றும் சங்கிலியில் நடுவில் நிற்பவர்களை எடுத்துவிட்டால் கடைசியில் நிற்பவருக்கு வாளி வந்து சேராது, அதனால்தான். கிழக்கிலும் தெற்கிலும் வெட்டுகிறார்கள், காற்று கிழக்கில் இருந்து மேற்கே போகிறது, தொடாத காட்டுக்கும் தண்ணீர் குறைகிறது. தாமஸ் லவ்ஜாய், கார்லோஸ் நோப்ரே என்ற இரண்டு விஞ்ஞானிகள் 2018இல் சொன்ன எல்லை, அமேசான் காட்டில் 20 முதல் 25 சதவீதம் அழிவது. வெப்பம், தீ, காட்டழிப்பு மூன்றும் ஒன்றாக அழுத்துவதால் எல்லை இவ்வளவு கிட்டத்தில் வந்துவிட்டது என்பது அவர்கள் வாதம். அப்போதே 17 சதவீதம் போயிருந்தது. 2024இல் வந்த இன்னொரு பெரிய ஆய்வு, 2050க்குள் அமேசான் காட்டின் 10 முதல் 47 சதவீதம் வரை இப்படிப் பல அழுத்தங்கள் ஒன்றாகத் தாக்கும் நிலைக்கு வரும் என்றது. அந்த இடைவெளியின் அகலத்தைப் பார்த்து, விஞ்ஞானிகளுக்கே தெரியவில்லை என்று ஒதுக்கிவிட வேண்டாம், குறைந்தபட்ச எண்ணே கோடிக்கணக்கான ஏக்கர்.

எல்லா இடத்திலும் அழகான புல்வெளி வரும் என்று கற்பனை செய்ய வேண்டாம். பல இடங்களில் வரப்போவது தீப்பட்ட, கொடி பிடித்த, உயரம் குறைந்த, வெயில் தரையைத் தொடும் காடு. வறட்சியில் காடு எப்படிச் சாகிறது என்பதைக் கிழக்கு அமேசானில் கஷியுவானா என்ற இடத்தில் கிட்டத்தில் இருந்து பார்த்திருக்கிறார்கள். 2002இல் ஒரு ஹெக்டேர் காட்டுக்குள், தரைக்கு மேலே, ஆயிரக்கணக்கான பிளாஸ்டிக் பலகைகளைக் கூரை போலப் பொருத்தி, விழும் மழையில் பாதியை வாய்க்காலில் வெளியே கொண்டுபோய் விட்டார்கள். முதல் ஓரிரு வருடம் ஒன்றும் பெரிதாக நடக்கவில்லை. அப்புறம் சாகத் தொடங்கியது பெரிய மரங்கள். சின்னது முதலில் போகும் என்றுதான் யாரும் நினைப்போம், ஆனால் உயரத்துக்குத் தண்ணீரை இழுக்கும் குழாய்களுக்குள் காற்று புகுந்து அறுந்துபோவது பெரிய மரத்தில்தான் அதிகம். தண்ணீரை அதிகமாக மேலே அனுப்புவதும் அவைதான். கடைசியில் உயிர்ப்பொருளில், அதாவது மரங்களின் மொத்த எடையில், மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போனது. இருபது வருடத்துக்குப் பிறகு மிச்சம் இருக்கும் மரங்கள் நிலைபெற்றிருக்கின்றன, எண்ணிக்கை குறைந்ததால் ஆளுக்குக் கிடைக்கும் தண்ணீர் போதுமானதாகிவிட்டது. ஆறுதலான செய்திதான், ஆனால் அங்கே தீ வைக்கப்படவில்லை, வெப்பம் கூட்டப்படவில்லை, சுற்றிலும் நல்ல காடு நிற்கிறது என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

இன்னொரு கண்ணி பற்றிப் பலரும் பேசுவதில்லை. தெற்கு அமேசானில் மழைக்காலம் தொடங்குவது அக்டோபர் வாக்கில். கடலில் இருந்து மழைக்காற்று திரும்புவது அதற்கு இரண்டு மாதம் கழித்து. இடையில் யார் மழையைத் தொடங்கிவைக்கிறார்கள்? வறண்ட காலத்தின் கடைசியில் மரங்கள் புதுத் தளிர் விட்டு, ஆழத்துத் தண்ணீரை மேலே ஏற்றி, காற்றை நனைத்து, மேகத்தை உயர எழுப்புகின்றன. 2017இல் வெளியான ஒரு ஆய்வு, செயற்கைக்கோள் அளந்த நீராவியில் கனமான ஹைட்ரஜன் அணுவின் அளவை வைத்து இதைக் காட்டியது, சலாட்டி செய்ததையே வானத்தில் இருந்து செய்தது போல. தொடங்கிவைக்கும் கையை வெட்டினால் மழை தாமதமாகத்தான் வரும். 1979க்குப் பிறகு தெற்கு அமேசானில் வறண்ட காலம் பத்தாண்டுக்கு ஏறக்குறைய ஒரு வாரம் வீதம் நீண்டிருக்கிறது.

கேள்வி: எப்போதும் அமேசானையே பேசுகிறீர்கள். காங்கோ, இந்தோனேசியா காடுகள்?

பதில்: நியாயமான குறை. காங்கோவில் மழை அமேசானைவிடக் குறைவு, அதனால் இழக்க இருப்பு கம்மி. காட்டழிப்பு இதே போக்கில் போனால் நூற்றாண்டு முடிவதற்குள் அங்கே மழை 8 முதல் 10 சதவீதம் குறையலாம் என்று மேலே சொன்ன லீட்ஸ் குழுவின் 2023 ஆய்வு கணக்கிட்டது. அந்தக் காடு அனுப்பும் ஈரம் சஹாரா பாலைவனத்துக்குத் தெற்கே உள்ள சஹேல் பகுதிக்கும் எத்தியோப்பிய மேட்டுநிலத்துக்கும் போகிறது, நைல் நதியில் ஓடும் தண்ணீரில் அதற்கும் பங்கு உண்டு. அளவிடும் நிலையங்கள் அங்கே மிகக் குறைவு என்பது எனக்குப் பெரிய வருத்தம், இவ்வளவு முக்கியமான காட்டை நாம் போதிய கண் இல்லாமல் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

போர்னியோ, சுமத்ரா தீவுகளைச் சுற்றிலும் கடல், ஈரத்துக்குப் பஞ்சமில்லை. அங்கே பிரச்சினை தரைக்குக் கீழே. ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக மக்காத இலையும் கட்டையும் தண்ணீரில் ஊறிச் சேர்ந்த பீட் சதுப்பு நிலம் அது. 1996இல் போர்னியோவின் மத்திய கலிமந்தான் மாகாணத்தில் பத்து லட்சம் ஹெக்டேரை நெல்வயலாக்கப் போகிறோம் என்று ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் கால்வாய் வெட்டித் தண்ணீரை வடித்தார்கள். நெல் விளையவில்லை. அடுத்த வருடமே எல் நினோ வந்தது, காய்ந்த பீட் மாதக்கணக்கில் எரிந்து, பக்கத்து நாடுகள் வரை புகை மூடியது.

கேள்வி: வெட்டிய இடத்தில் மறுபடி மரம் நட்டால் மழை திரும்புமா?

பதில்: ஓரளவு திரும்பும். இளங்காடு வேகமாக வளரும், வளரும்போது தண்ணீரையும் நன்றாகவே மேலே அனுப்பும், சில வருடங்களிலேயே அந்த வேலை தொடங்கிவிடுகிறது. நட வேண்டிய அவசியம்கூடப் பல இடங்களில் இல்லை, பக்கத்தில் பழைய காடு இருந்து, தீயும் மாடும் வராமல் பார்த்துக்கொண்டால், பறவையும் வவ்வாலும் விதை போட்டுவிடும். லத்தீன் அமெரிக்காவிலும் மேற்கு ஆப்பிரிக்காவிலும் இப்படித் தானாக வளர்ந்த காடுகளை ஆராய்ந்ததில், மண் பத்து வருடத்துக்குள் தேறிவிடுகிறது, மரங்களின் உயிர்ப்பொருளும் இன வகையும் பழைய நிலைக்கு வர 120 வருடத்துக்கு மேல் ஆகிறது.

ஒரே இன மரத்தை வரிசையாக நட்டுவிட்டுக் காடு வந்துவிட்டது என்பவர்களிடம் மட்டும் எனக்கு உடன்பாடு இல்லை. கிழக்கு அமேசானில் பரகோமினாஸ் என்ற இடத்தில் மரங்களின் வேரைத் தேடித் தோண்டியபோது 18 மீட்டர் ஆழத்திலும் வேர் இருந்தது, ஆறு மாடிக் கட்டடத்தைத் தரைக்குள் தலைகீழாக இறக்கிய ஆழம். மாதக்கணக்கில் மழை இல்லாதபோதும் அந்தக் காடு பச்சையாக நின்றது அதனால்தான். அதுபோல வேர் விட ஒரு கன்றுக்கு எத்தனை காலம் வேண்டும்? ஆகவே என் வரிசை இது: நிற்பதை முதலில் நிற்கவிட வேண்டும், அப்புறம் தானாக வருவதை வரவிட வேண்டும், நடுவது அதற்குப் பிறகு.

கேள்வி: அமேசான் செய்தி வந்தால் எதைக் கவனித்துப் படிக்க வேண்டும்?

பதில்: பிரேசிலின் விண்வெளி ஆய்வு நிறுவனம் 1988 முதல் வருடாவருடம் வெளியிடும் காட்டழிப்புப் பரப்பை முதலில் பாருங்கள். 2004இல் 27,772 சதுர கிலோமீட்டர், 2012இல் 4,571, 2021இல் 13,038, 2024இல் 6,288. ஒரு அரசு மனது வைத்தால் எட்டு வருடத்தில் ஆறில் ஒரு பங்காகக் குறைக்க முடிகிறது, கைவிட்டால் திரும்பவும் ஏறுகிறது. ஆனால் அந்த எண் முழுக்க வெட்டப்பட்ட காட்டை மட்டும் எண்ணுகிறது. தீப்பட்டும், நல்ல மரம் மட்டும் பொறுக்கி வெட்டப்பட்டும், ஓரம் காய்ந்தும் நலிந்து நிற்கும் காடு அதில் வராது. மிச்சம் நிற்கும் காட்டில் 38 சதவீதம் வரை அந்த நிலையில் இருப்பதாக 2023இல் ஒரு ஆய்வு சொன்னது. அடுத்து, அக்டோபர் மாதம் மனாவ்ஸ் துறைமுக நீர்மட்டம். தினமும் வெளியிடுகிறார்கள், யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.